சம்பந்தி வீட்டு அடுப்பு ஸ்விட்ச்

அவருக்கு அந்த வட்டாரத்தில் ஓட்டக்காரர் என்று பெயர். ஏதோ பந்தயத்தில் ஓடி ஜெயித்தவர் போலிருக்கிறது என்று தப்புக்கணக்குப் போட்டுவிட வேண்டாம். கண்ணெதிரே பஸ் கிளம்பினால்கூட, "போனா போகட்டும், அடுத்தது வராமலா இருக்கும்?" என்று அசையாமல் நிற்கிற ஆசாமி. முழங்கால் வலி வேறு. அடுத்தவர்களை ஓட விடுகிறவர் என்பதால் வந்த பெயர் அது.

தொழில் எலக்ட்ரீஷியன். மின்விசிறி மாட்டுவார், விளக்கு மாட்டுவார், வீடு முழுக்க வயரிங்கும் செய்வார். அதிலெல்லாம் அவர் மற்றவர்களைப் போலத்தான். கரண்ட் அடுப்பு வைக்கிற சமையலறை என்று வந்துவிட்டால் மட்டும் மனிதருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிடும். மேலே சூடாகிற நாலு தட்டும் கீழே ஓவனும் உள்ள பெரிய அடுப்புக்குத் தனியாக ஒரு தடித்த வயர் இழுக்க வேண்டும். ஆபத்து என்றால் அந்த வயரில் வருகிற கரண்டை ஒரே அடியில் நிறுத்த, உள்ளங்கை அகலத்தில் சிவப்பாக ஒரு ஸ்விட்ச் வேண்டும். அதை எங்கே வைப்பது? வயர் எங்கே எட்டுகிறதோ அங்கே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். இவர் அப்படியில்லை.

அந்த வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவரை அடுப்புக்கு முன்னால் நிற்கச் சொல்வார். கையில் ஒரு கரண்டியைக் கொடுப்பார். "நீங்க பாட்டுக்குக் கிண்டுங்க" என்பார். காலிச் சட்டியைக் கிண்டுவதற்கு யாருக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். அந்த வெட்கம் போகும்வரை ஊர்க்கதை பேசுவார். விலைவாசியைத் திட்டுவார், மூத்த பெண் எந்த வகுப்பு என்று விசாரிப்பார். பேச்சு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பாத்திர மூடியைத் தரையில் போட்டு, "ஐயோ, தீ! ஓடுங்க!" என்று அலறுவார். பாவம், அவர்களும் அலறிக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் கை எந்தச் சுவரில், எந்த உயரத்தில் போய்ப் படுகிறதோ, அங்கே சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ஒரு வட்டம் போடுவார். "இங்கதான்" என்பார். அதற்குப் பிறகுதான் சுவரில் துளை.

இந்தச் சோதனையால் அவர் பட்ட பாடும் கொஞ்சமில்லை. ஒரு அம்மாள் பதற்றத்தில் கரண்டியை அவர் நெற்றியிலேயே வீசிவிட்டாள். தழும்பு இன்னும் இருக்கிறது. இன்னொரு வீட்டில் சமைப்பது புருஷன். மூடி விழுந்த சத்தத்தில் அந்த மனிதர் பெண்டாட்டி பிள்ளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துண்டோடு தெருமுனைக்கு ஓடிவிட்டார். பெண்டாட்டி அசராமல், "ஸ்விட்சைத் தெருமுனையிலேயே வெச்சிடுங்க அண்ணே. அவருக்கு அதுதான் வசதி" என்றாளாம்.

"சிரிக்காதீங்க" என்பார் ஓட்டக்காரர். "அடுப்புக்கு மேல வெச்சா, அணைக்கிறதுக்குத் தீயைத் தாண்டிக் கை நீட்டணும். அலமாரிக்குள்ள வெச்சா தேடணும். ஹால்ல வெச்சா, போய்ட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள கூரை போயிடும். பக்கவாட்டுல, வெளியே ஓடுற வழியில, கை தானாப் போற எடத்துல இருக்கணும். ஸ்விட்ச் தீயை அணைக்காதுதான். ஆனா சூட்டை நிறுத்தும். சூடு நின்னாத்தான் மூடி போட்டு மூட நமக்கு தைரியம் வரும்."

அழகுக்காக ஸ்விட்சை அலமாரிக்குள் ஒளித்துவைக்கச் சொன்ன ஒரு வீட்டில், வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "வேற ஆளைப் பாத்துக்கோங்க. நாளைக்கு இந்த வீட்டுல ஒண்ணுன்னா எனக்குத் தூக்கம் வராது" என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். வீட்டுக்கு வந்து அதையே பெருமையாகச் சொல்ல, அவர் மனைவி, "வாய் மட்டும் இல்லைன்னா உங்களை எப்பவோ நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள்.

இப்பேர்ப்பட்ட மனிதர், வெளியில் புலி. சம்பந்தி வீட்டு வாசற்படி ஏறிவிட்டால் எலி.

ஒரே மகள். கல்யாணமாகி அவளுக்கு ஒரு குழந்தையும் ஆகிவிட்டது, இன்னும் அவர்களுக்கு அவள் பாப்பாதான். அவளைக் கொடுத்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. சம்பந்தி மரச்சாமான் கடை வைத்திருந்தார், கலகலப்பான மனிதர். சம்பந்தியம்மா வீட்டைக் கண்ணாடி போல வைத்திருப்பவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். இவர்கள் யாரும் ஓட்டக்காரரை ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. இருந்தாலும் அந்த வீட்டு நாற்காலியில் அவர் நுனியில்தான் உட்காருவார். தாகம் எடுத்தாலும் தண்ணீர் கேட்கமாட்டார். சம்பந்தி எதைச் சொன்னாலும், சொல்லி முடிக்கும் முன்பே "ஆமா ஆமா" என்பார். பெண்ணைக் கொடுத்த இடம். நாம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசினால் அது நாளைக்கு அவள் தலையில் விடியும் என்பது அவருடைய எண்ணம். அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று மகளே சொல்லிப் பார்த்துவிட்டாள், அவருக்கு ஏறவில்லை.

பாப்பா கேக் செய்வாள். பொழுதுபோக்குக்கு ஆரம்பித்தது, பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் தேடி வந்து சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதற்காகவே மாப்பிள்ளை ஒரு பெரிய கரண்ட் அடுப்பு வாங்கினார், சமையலறையையும் இடித்துப் புதுசாக்கினார்கள். "வயரிங் வேலைக்கு வெளி ஆள் எதுக்கு? நம்ம சம்பந்தி இருக்கும்போது!" என்று சம்பந்தி சொன்னபோது ஓட்டக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அன்றைக்கு அவர் வழக்கம்போல மகளைக் கரண்டியும் கையுமாக நிற்க வைத்தார். சட்டைப் பையில் சாக்பீஸ் தயாராக இருந்தது. மூடியையும் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா உள்ளே வந்தாள்.

"என்ன சம்பந்தி, ஸ்விட்ச் எங்க வரும்?"

சமையலறை வாசலுக்குப் பக்கத்துச் சுவரை அவர் பொதுவாகக் கையால் காட்டினார். "இந்தப் பக்கம் எங்கயாவது வரும்னு..."

"ஐயையோ, இந்தச் சுவத்துலயா? நாலு கடை ஏறி இறங்கி எடுத்த டைல்ஸ் இது. உள்ளே நுழைஞ்சதும் கண்ணுல படுறதே இந்தப் பூப்போட்ட டைல்ஸ்தான். இங்க போய்ச் சிவப்பா ஒரு ஸ்விட்ச் இருந்தா நல்லாவா இருக்கும்? அடுப்புக்கு மேல, அந்தப் புகைக்கூண்டுக்கு அடியில வெச்சிடுங்களேன். வெளியே தெரியாது பாருங்க."

இதையே வேறு வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் பையைத் தூக்கியிருப்பார், தெருவே கூடியிருக்கும். இங்கே என்ன செய்தார்? கையிலிருந்த மூடியைச் சத்தமில்லாமல் மேடையில் வைத்தார். "உங்க விருப்பம் சம்பந்தி. செஞ்சுட்டாப் போச்சு" என்றார்.

கரண்டியும் கையுமாக நின்றிருந்த மகள்தான் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, அடுப்புக்கு மேலயா?"

"எனக்குத் தெரியாதா? நீ போய் வேற வேலை இருந்தா பாரு" என்று எரிந்து விழுந்தார்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேலை முடிந்ததும் சம்பந்தி வந்து பார்த்து, "அடடா, ஸ்விட்ச் இருக்கிறதே தெரியலையே! வேலைன்னா இது வேலை" என்று தோளில் தட்டினார். ஓட்டக்காரர் அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டாவது தடவையாகக் காபி வாங்கிக் குடித்தார். அவருக்கு உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் என்ன, காபி இறங்காமலா போயிற்று?

அதற்கப்புறம் அவர் எத்தனையோ வீடுகளில் மூடியைப் போட்டு, எத்தனையோ பேரை ஓட விட்டார். ஊருக்கு உபதேசம் குறைவில்லாமல் நடந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. "பயப்படாதீங்க மாமா. அடுப்புல சின்னதாத் தீ. எல்லாம் அணைச்சாச்சு. குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்குக் கையில கொஞ்சம் பட்டிருக்கு. கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டோம்."

ஓட்டக்காரருக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: ஸ்விட்சை அணைக்கப் போய்த்தான் கை வெந்ததா? அதைக் கேட்காமல் போனை மனைவியிடம் கொடுத்தார். பஸ்ஸில் போகும்போது வழி நெடுக மனைவிதான் புலம்பிக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டு ஹாலில் எல்லாரும் இருந்தார்கள். மகள் சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் விரலிலிருந்து முழங்கைவரை கட்டு. முகத்தில் புருவம் கொஞ்சம் பொசுங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். ஓட்டக்காரர் வழக்கம்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஏதோ பெரிசா வந்தது இத்தோட போச்சு சம்பந்தி" என்று ஆரம்பித்தாள் சம்பந்தியம்மா. "உருளைக்கிழங்கு வறுக்கலாம்னு எண்ணெயை வெச்சிருக்கா. அந்த நேரம் ஓவன்ல கேக்கைப் பார்க்கக் குனிஞ்சிருக்கா. எண்ணெய் குப்புனு பத்திக்கிச்சு. சரி, பத்திக்கிச்சு, யாருக்கும் நடக்கிறதுதான். அப்புறம் செஞ்சா பாருங்க ஒரு வேலை! அடுப்பை அணைக்க வேண்டாமா? இவ பாட்டுக்கு வாசல் பக்கம் ஓடி வந்து, அந்த டைல்ஸ் சுவத்தைப் போட்டுப் படார் படார்னு அடிக்கிறா. நான் சத்தம் கேட்டு வந்து பாக்கிறேன், பின்னால தீ எரியுது, இவ சுவத்தை அடிச்சுட்டு நிக்கிறா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னே நெனச்சேன். நான் போட்ட கூச்சல்லதான் சுயநினைவு வந்த மாதிரி திரும்பிப்போய், தீக்குள்ள கையை விட்டு ஸ்விட்சை அணைச்சா. முதல்லயே அணைச்சிருந்தா கை இப்படி ஆகியிருக்குமா, சொல்லுங்க?"

"சுவத்துக்குள்ள யாராவது இருக்காங்களான்னு கதவைத் தட்டிப் பாத்திருக்கா" என்று சம்பந்தி கலகலப்பாக ஆக்கப் பார்த்தார். அவரும் சிரித்தார், மாப்பிள்ளையும் லேசாகச் சிரித்தார். மகளும் தலையைக் குனிந்தபடி சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் பார்க்க முடியவில்லை.

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார், திறந்து சொன்னது இது: "சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான் சம்பந்தி. கொஞ்சம் பதட்டக்காரி."

சொன்ன அடுத்த நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. மகள் நிமிர்ந்து ஒரு தடவை அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. 'சரிப்பா' என்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவர் மனைவியோ அழுகையை நிறுத்திவிட்டு, ஏதோ அந்நியனைப் பார்ப்பது போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் நாங்க ஒரு முடிவு பண்ணிட்டோம்" என்றாள் சம்பந்தியம்மா. "இந்த அடுப்பே வேண்டாம். ஒரு தட்டுதான் கெட்டுப்போச்சு, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மெஸ் நடத்துற தெரிஞ்சவர் ஒருத்தர் நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. சமையலை நான் பாத்துக்கிறேன். இவ்வளவு பதட்டப்படுற பொண்ணைக் குழந்தையோட தனியா அடுப்புக்கிட்ட விட எனக்கு மனசு வரலை. கேக் செஞ்சதெல்லாம் போதும். கோபிச்சுக்காத பாப்பா."

"சரி அத்தை" என்றாள் மகள்.

அவள் கல்யாணத்துக்குச் சரி சொன்னபோதுகூட இவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை. அந்த கேக் வேலை அவளுக்கு என்ன என்பது ஓட்டக்காரருக்குத் தெரியும். இன்னார் வீட்டு மருமகள் என்று இல்லாமல், "கேக்குக்காரப் பொண்ணு" என்று அவளைத் தேடி வந்து கூப்பிடுகிறவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். இனி அவள் சுவரை அடித்த பெண். காலத்துக்கும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவளும் கூடச் சிரிப்பாள்.

"நான் போய் வயரைப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்தார். அங்கே உட்கார முடியவில்லை என்பதுதான் உண்மை.

சமையலறைக் கூரை கறுத்துக் கிடந்தது. புகைக்கூண்டின் ஒரு பக்கம் உருகித் தொங்கியது. அதற்கடியில் அவர் கையால் மாட்டிய ஸ்விட்ச், பாதி இளகி, அணைந்த நிலையில் அப்படியே நின்றுபோயிருந்தது. எட்ட நின்று பார்க்கும்போதே, எண்ணெய்ச் சட்டிக்கு மேலே எவ்வளவு தூரம் கையை நீட்டியிருப்பாள் என்று அவருக்குத் தெரிந்தது. தன் கையை நீட்டிப் பார்க்கத் தைரியமில்லை. திரும்பிக்கொண்டார். திரும்பிய இடத்தில் பூப்போட்ட டைல்ஸ் சுவர் இருந்தது.

அதில் கை அடையாளங்கள். வெண்ணெயும் மாவும் அப்பிய கை. ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே இடத்தில். பயத்தில் கண்டபடி அடித்த கை என்றால் சுவர் முழுக்க அல்லவா பட்டிருக்கும்? இது ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தது. வாசலை விட்டு வெளியேறும்போது வலப்பக்கம், தொங்கவிட்ட கை எட்டுகிற தாழ்வான உயரத்தில்.

ஓட்டக்காரர் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். வைத்ததும் புரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாத இடமா அது? அவர் வீட்டுச் சமையலறையில் அடுப்பு ஸ்விட்ச் இருக்கிற அதே இடம்.

பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம் அது. சொந்த வீட்டில் மனைவியை ஓட விட்டுச் சோதனை செய்தபோது, பாப்பாவும் கூடவே ஓடி வந்து சுவரைத் தட்டினாள். அம்மா கை பட்ட இடத்துக்கு நன்றாகக் கீழே. வட்டத்தை அழித்துவிட்டு, குழந்தைக்கும் எட்டட்டும் என்று ஸ்விட்சைத் தாழ்வாக வைத்தார். அதற்கப்புறம் அதுவே அவளுக்கு விளையாட்டு. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே, "அப்பா, தீ!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் ஸ்விட்சில் ஒரு அடி. உள்ளே பாதி வெந்துகொண்டிருக்கிற சாதத்தோடு அடுப்பு நின்றுபோகும். "அப்பனும் பொண்ணும் சேர்ந்து என் உயிரை வாங்குறீங்க" என்று அம்மா கத்துவாள். எத்தனை வருஷம் அந்த விளையாட்டு! வயசுக்கு வந்த பிறகும் சமையலறையை விட்டுப் போகும்போது அவள் கை ஒரு தட்டு தட்டாமல் போகாது.

தீ என்றதும் அவள் கால் அங்கேதான் ஓடியிருக்கிறது. கையும் அங்கேதான் போயிருக்கிறது. அவர் பழக்கிய கை. அதைத் தேடி வந்த இடத்தில் வழுவழுவென்று பூப்போட்ட டைல்ஸ்.

"அப்பா."

மகள் வாசலில் நின்றாள். அவர் சட்டென்று கையைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டார், திருடும்போது பிடிபட்டவர் போல.

"வலி இப்ப பரவாயில்லப்பா. நீங்க ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க?"

"ஏம்மா... இந்தச் சுவத்தை..."

"அதான்பா எனக்கே புரியலை. தினமும் போட்டு அணைக்கிற ஸ்விட்ச். மேலதான் இருக்குன்னு தெரியாதா எனக்கு? ஆனா கால் இங்க வந்துடுச்சு, கை பாட்டுக்கு அடிக்குது. சுவத்துல ஒண்ணுமே இல்லைன்னு கண்ணுல தெரியுது, அப்பவும் அடிக்கிறேன். அத்தை சொல்ற மாதிரி, கொஞ்ச நேரம் புத்தி பிசகிடுச்சு போல."

அவர் தன் உள்ளங்கையில் ஒட்டிய மாவைத் துண்டில் துடைத்தார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஸ்விட்ச் மேல வெச்சதைப் பத்தி நீங்க எதுவும் பேச வேண்டாம்பா. நானும் பேசலை. 'எங்க சம்பந்தி வேலைன்னா வேலை'ன்னு மாமா கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு இருக்காரு. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும். கை ஆறிடும். நம்ம வீட்டு அடுப்புல வந்து எப்பவாவது கேக் செஞ்சுக்கறேன்."

ஓட்டக்காரருக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே கேட்டவள் ஆயிற்றே! கை வெந்து உட்கார்ந்திருக்கிறவள், அப்பனின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, பைத்தியம் என்ற பெயரைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த அப்பன், பதட்டக்காரி என்று தன் பங்குக்கும் ஒன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவள் தலையில் விடியுமோ என்றுதான் இந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டது சுத்தப் பொய். தோளில் தட்டிக்கொடுக்கிற அந்தக் கை தனக்கு இல்லாமல் போய்விடுமே என்றுதான் அவர் பயந்தார்.

பின்னாலேயே வந்து நின்ற மனைவியை அவர் அப்போதுதான் கவனித்தார். அவள் சுவரையும் பார்த்தாள், அடுப்புக்கு மேலே உருகின ஸ்விட்சையும் பார்த்தாள். இருபது வருஷமாக அந்த ஸ்விட்சோடு மல்லுக்கட்டியவள், அவளுக்கு விளக்கவா வேண்டும்?

"வாய் இருக்கா?" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். "இல்ல, நாய் தூக்கிட்டுப் போயிடுச்சா?"

ஓட்டக்காரர் வாசலுக்கு வந்து, "சம்பந்தி, எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க" என்றார். அந்த வீட்டில் அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. என்னமோ ஏதோ என்று மூன்று பேரும் எழுந்து வந்தார்கள்.

"இது பயத்துல அடிச்ச அடி இல்ல" என்று சுவரைக் காட்டினார். "எங்க வீட்டுல ஸ்விட்ச் இந்த எடத்துலதான் இருக்கு. சின்ன வயசுல நான்தான் பழக்கினேன். தீன்னா எங்க ஓடணும், எங்க அடிக்கணும்னு என் பொண்ணுக்கு நல்லாத் தெரியும். அவ சரியாத்தான் ஓடி வந்திருக்கா. சரியாத்தான் அடிச்சிருக்கா. இங்க ஸ்விட்ச் இல்ல, அவ்வளவுதான். வைக்காதது நான். அடுப்புக்கு மேல வைக்கவே கூடாது. ஊர்ல ஒரு வீட்டுல நான் அப்படி வெச்சதில்ல. இந்த ஒரு வீட்டுலதான் வெச்சேன். பதட்டக்காரின்னு சொன்னேனே, அதுவும் பொய். அவ கை வெந்தது என்னாலதான்."

மாப்பிள்ளை தன் மனைவியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஹாலில் சிரித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சம்பந்தியம்மா முகம் வெளுத்துவிட்டது. "நான்தானே அங்க வைக்கச் சொன்னேன்?"

"நீங்க ஆயிரம் சொல்லலாம். உங்களுக்கு டைல்ஸ் தெரியும். ஸ்விட்ச் எனக்குத்தானே தெரியணும்?"

"அப்போ அன்னிக்கே கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சம்பந்தி" என்றாள் அவள். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "சொல்லியிருந்தா நான் கேட்காமலா இருந்திருப்பேன்? டைல்ஸா பெரிசு? நீங்க சரின்னீங்க, அதனால சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். தொழில் தெரிஞ்சவர் சொன்னா நாங்க என்ன சண்டையா போடப் போறோம்?"

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள், அவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டிய விஷயம். யாரும் போடாத சண்டைக்குப் பயந்து மகளின் கையைக் கொண்டுபோய் நெருப்பில் வைத்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வயதான மனிதர், எல்லார் முன்னாலும் அழுதார். சம்பந்தி அவர் தோளில் கை வைக்க வந்தார். வைக்கவில்லை, பாதியில் கையை இழுத்துக்கொண்டார். அவருக்கும் கோபம் இருக்கும் அல்லவா!

அன்று சாயங்காலமே சம்பந்தியம்மா அந்த மெஸ்காரருக்குப் போன் செய்து, அடுப்பு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாள் ஓட்டக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காபி வேண்டாம் என்றார். யாரும் வற்புறுத்தவும் இல்லை.

அவர் துளை போடும் கருவியை வெளியே எடுத்தபோது, சம்பந்தியம்மா ஒரு பாத்திர மூடியோடு வந்து நின்றாள். "அன்னிக்கு நான் நடுவுல புகுந்து கெடுத்துட்டேன். முறைப்படி செஞ்சிடலாம். பாப்பா, நீ அங்க போய் நில்லு. நான் மூடியைப் போடறேன், நீ ஓடு. எங்க கை போகுதுன்னு அப்பா பார்க்கட்டும்."

மகள் அடுப்புப் பக்கம் போகவில்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலிலேயே நின்றாள்.

"எதுக்கு அத்தை? நான்தான் ஏற்கெனவே ஓடிட்டேனே" என்றாள்.

சுவரில் அந்த வெண்ணெய்க் கறையை இன்னும் யாரும் துடைக்கவில்லை. ஓட்டக்காரர் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அதைச் சுற்றி வட்டம் போட்டார்.